மூக்கில் ஒன்று, முதுகில் ஒன்று

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. இடது மூக்கு மடல் ஓரத்தில் கறுப்பாக ஒரு சிறு பரு இரண்டு வருடமாக இருக்கிறது. மச்சம் என்று விட்டுவிட்டோம். மூன்று மாதமாக அது உடைவதும் பொருக்குத் தட்டுவதும் மறுபடி உடைவதுமாக இருக்கிறது. முதுகில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு சிவந்த தடிப்பு. படர்தாமரை என்று நினைத்து ஏதேதோ தடவிக்கொண்டிருந்தார். இரண்டிலும் பயாப்சி எடுத்ததில் இரண்டுமே பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று என்று வந்துவிட்டது. மூக்கில் இருப்பது நாடுலர் வகை, முதுகில் இருப்பது சூப்பர்ஃபிஷியல் வகையாம். அறுவை சிகிச்சைதான் நல்லது என்கிறார் டாக்டர். அம்மா ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். "முகத்தில் கத்தி படக் கூடாது" என்று பிடிவாதமாக இருக்கிறார். சித்தி மகன் தேடிப்பார்த்து க்ரீம், ஒளி சிகிச்சை, ரேடியேஷன், மாத்திரை, இம்யூனோதெரபி என்று பட்டியல் அனுப்புகிறான். கட்டியை வேரோடு இழுத்துவிடும் என்று ஒரு மூலிகைக் களிம்பும் அதில் இருக்கிறது. எதை நம்புவது? இன்னொன்று: அம்மாவிடம் இதுவரை "கட்டி" என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம்.

பதில்: பயாப்சி ரிப்போர்ட்டில் இருந்த வார்த்தைகளை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு முதலில் நன்றி. எனக்கு வரும் பல கடிதங்கள் "தோல் புற்றுநோய், ஆபரேஷன் இல்லாமல் குணமாகுமா?" என்ற ஒரே வரியோடு நின்றுவிடும். அதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. நாடுலர், சூப்பர்ஃபிஷியல் என்ற இரண்டு சொற்களும், மூக்கு, முதுகு என்ற இரண்டு இடங்களும்தான் முக்கால்வாசிப் பதில்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். முதுகில் இருப்பதற்குக் கத்தி தேவைப்படாமலே போகலாம். மூக்கில் இருப்பதற்கு, உங்கள் டாக்டரின் இடத்தில் நான் இருந்தாலும் அறுவையைத்தான் சொல்லியிருப்பேன்.

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வைப்போம். பேசல் செல் கார்சினோமா மேல்தோலின் அடிவரிசைச் செல்களில் தொடங்குவது. மனிதருக்கு வரும் புற்றுகளிலேயே மிகச் சாதாரணமாகக் காணப்படுவது இதுதான். ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கோ எலும்புக்கோ போவது மிக மிக அபூர்வம். ஆனால் இருக்கிற இடத்தில் சும்மா இருக்காது. மெதுவாக, வருடக்கணக்கில், பக்கவாட்டிலும் கீழேயும் தோண்டிக்கொண்டே போகும். மூக்கில் குருத்தெலும்பை, கண்ணோரத்தில் இமையை அரிக்கும். உயிருக்கு ஆபத்து குறைவுதான், உருவத்துக்கு ஆபத்து அதிகம். மச்சம் என்று நீங்கள் விட்டுவிட்டதில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. மாநிறமோ கறுப்போ ஆன தோலில் இது பெரும்பாலும் கறுப்பு நிறமேறித்தான் வரும். டெர்மோஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்க்காமல் மச்சத்திலிருந்து பிரித்துச் சொல்ல டாக்டர்களே திணறுவதுண்டு. முதுகுத் தடிப்பைப் படர்தாமரை என்று நினைத்ததும் அப்படித்தான். அந்த வகை, பார்ப்பதற்குப் படர்தாமரை, எக்ஸிமா, சொரியாசிஸ் எது போலவும் இருக்கும். ஒரு தடிப்பு எட்டு வாரம் மருந்து போட்டும் அசையவில்லை என்றால் பயாப்சி எடுத்துப் பார்ப்பது நல்லது.

இப்போது கத்தியைப் பற்றி. வெட்டியெடுத்தால் கட்டி போய்விடும் என்பது பாதி லாபம்தான். மீதிப் பாதி பலருக்குத் தெரியாது. வெட்டிய திசுவை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, விளிம்புகளில் புற்றுச் செல் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியும். "முழுவதும் வந்துவிட்டது" என்பதற்குக் கையில் சாட்சி இருக்கிறது. க்ரீம், ஒளி, ரேடியேஷன் எதிலும் இந்தச் சாட்சி கிடையாது. மேலே தோல் ஆறிவிடும். அடியில் என்ன நடக்கிறது என்பது காலம் போனால்தான் தெரியும். கத்தி வேண்டாம் என்று முடிவெடுப்பவர், பதிலுக்கு வருடக்கணக்கான காத்திருப்பையும் கண்காணிப்பையும் ஒப்புக்கொள்கிறார். நல்ல பேரமா, கெட்ட பேரமா என்பது கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்தது. சித்தி மகனின் பட்டியலில் இந்தச் செய்தி இருக்காது.

முதுகை எடுத்துக்கொள்வோம். சூப்பர்ஃபிஷியல் என்றால் மேல்தோலை ஒட்டியே பரவியிருக்கிறது, ஆழம் போகவில்லை. முதுகு ஆபத்துக் குறைந்த இடம். அளவும் இரண்டு சென்டிமீட்டருக்குள். க்ரீம் போட இதைவிடப் பொருத்தமான கட்டி அமையாது.

க்ரீம்களில் முதலில் வருவது இமிக்விமாட் 5 சதவீதம். 1997-இல் பிறப்புறுப்பு மருக்களுக்காக வந்த மருந்து. 2004-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை இந்த வகைப் புற்றுக்கும் அனுமதித்தது. இது புற்றுச் செல்லை நேரடியாகக் கொல்வதில்லை. அந்த இடத்தில் உடலின் சொந்தக் காவல் செல்களைத் தட்டி எழுப்பி, "இங்கே பார்" என்று காட்டிக்கொடுக்கிறது. வழக்கமான முறை வாரத்தில் ஐந்து நாள், ஆறு வாரம். இரவு படுக்கும் முன் தடிப்பின் மேலும் அதைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் வரையும் தடவி, எட்டு மணி நேரம் கழித்துச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். அம்மாவால் தன் முதுகை எட்ட முடியாது என்பதால் ஆறு வாரமும் யாராவது கையுறை போட்டுத் தடவிவிட வேண்டும். அற்ப விஷயமாகத் தோன்றும். ஆனால் சிகிச்சை பாதியில் நிற்பது இப்படிப்பட்ட காரணங்களால்தான்.

பாதியில் நிற்க இன்னொரு காரணமும் உண்டு. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் அந்த இடம் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். சிவந்து, வீங்கி, நீர் கசிந்து, பொருக்குத் தட்டி, புண்ணாகும். "மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். உண்மையில் மருந்து வேலை செய்வதன் அடையாளம் அது. இந்த அழற்சி நன்றாக வந்தவர்களுக்குத்தான் கட்டி கரையும் வாய்ப்பும் அதிகம். சிலருக்குக் காய்ச்சல், உடம்பு வலி, சோர்வு என்று ஃப்ளூ வந்தது போலிருக்கும். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் கேட்டுச் சில நாள் இடைவெளி விட்டுத் தொடரலாம். ஆறிய பிறகு அந்த இடம் சுற்றியுள்ள தோலைவிட வெளுத்துத் தெரியலாம். முதுகில் அதை யாரும் பார்க்கப்போவதில்லை.

அடுத்தது ஃப்ளூரோயூராசில் 5 சதவீத க்ரீம். இது கீமோதெரபி மருந்தின் தடவும் வடிவம், செல் பெருகுவதைத் தடுக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பொதுவாக மூன்றிலிருந்து ஆறு வாரம். இதிலும் புண்ணாகும்.

ஒளி சிகிச்சை என்று உங்கள் தம்பி சொல்வது ஃபோட்டோடைனமிக் தெரபி. ஒரு க்ரீமைத் தடவிச் சில மணி நேரம் மூடி வைப்பார்கள். புற்றுச் செல்கள் அதை உள்ளே இழுத்து, ஒளிக்கு எதிர்வினை காட்டும் ஒரு பொருளாக மாற்றிக்கொள்ளும். பிறகு சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் அந்தச் செல்கள் உள்ளிருந்தே சிதைகின்றன. பெரும்பாலும் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை செய்வார்கள். தழும்பு அவ்வளவாக விழாது, ஆறு வாரம் மல்லுக்கட்ட வேண்டியதும் இல்லை. ஆனால் ஒளி படும்போது நன்றாகவே எரியும். எறும்பு கடிப்பது போல இருக்கும் என்று நாங்கள் மென்மையாகச் சொல்லிவைப்போம், வலி அதைவிட அதிகம். அப்புறம், கட்டியில் கறுப்பு நிறமி இருந்தால் அது ஒளியை மறித்துவிடும், பலன் குறையும். கறுத்த கட்டிகள் அதிகம் வரும் தோல்காரர்களுக்கு இது முக்கியமான விஷயம்.

மூன்றில் எது மேல்? இதற்கு நல்ல பதில் இருக்கிறது. நெதர்லாந்தில் சூப்பர்ஃபிஷியல் வகை வந்த சுமார் 600 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஒப்பிட்டார்கள். ஐந்து வருடம் கழித்துக் கட்டி இல்லாமல் இருந்தவர்கள் இமிக்விமாட் குழுவில் சுமார் 80 சதவீதம், ஃப்ளூரோயூராசிலில் 70, ஒளி சிகிச்சையில் 63. மூன்றிலும் அதிக இயந்திரமும் ஆளும் தேவைப்படுவது கடைசியில் நின்றது. புதியது என்பதால் சிறந்தது ஆகிவிடாது. அறுவையோடு ஒப்பிட்டால் எப்படி என்று பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்தது. ஆபத்துக் குறைந்த கட்டிகளில், ஐந்து வருடத்தில் அறுவை சுமார் 98 சதவீதம், இமிக்விமாட் சுமார் 83.

அந்த 15 சதவீத இடைவெளியை எப்படிப் பார்ப்பது? முதுகில் என்றால் நான் கவலைப்பட மாட்டேன். திரும்பி வந்தால் வரட்டும், அப்போது சின்னதாக வெட்டிக்கொள்ளலாம். தோல் தாராளமாக இருக்கிற இடம், பக்கத்தில் கெடுவதற்கு எதுவும் இல்லை. அம்மா க்ரீமை ஆறு வாரம் சகித்துக்கொள்வார் என்றால் இமிக்விமாட் நியாயமான தேர்வு. ஒரேயடியாக முடிந்தால் போதும் என்று நினைத்தால் இருபது நிமிட அறுவையும் நியாயமானதுதான்.

மூக்குக்கு வருவோம். கண், மூக்கு, உதடு, காதைச் சுற்றியுள்ள பகுதியை நாங்கள் தனியாகவே வைத்துப் பேசுவோம். அங்கே இந்தக் கட்டி கண்ணுக்குத் தெரிவதைவிட அகலமாகவும் ஆழமாகவும் வேர் விட்டிருக்கும், திரும்பி வருவதும் அதிகம். மூக்கு மடலில் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவில் இடமே இல்லை. நாடுலர் வகை கீழ்நோக்கி இறங்குவது. மேலே க்ரீம் தடவினால் மேற்பகுதி கரைந்து ஆறி, அடியில் மிச்சம் நின்றுவிடலாம். அது மறுபடி வெளியே தலைகாட்ட ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதற்குள் எங்கெங்கே போயிருக்கும் என்பது வெளியே தெரியாது. முதுகில் பரவாயில்லை என்று சொன்ன அதே தோல்வி, மூக்கில் மூக்கின் ஒரு பகுதியையே விலையாகக் கேட்கும்.

ஆகவே அறுவை. அதிலும் வசதி இருந்தால் மோஸ் அறுவை என்ற முறை. மரத்துப்போகும் ஊசி போட்டு, மெல்லிய ஒரு அடுக்கை மட்டும் எடுத்து, அங்கேயே உறையவைத்து நுண்ணோக்கியில் விளிம்பு முழுவதையும் பார்ப்பார்கள். எந்த மூலையில் மிச்சம் இருக்கிறதோ அந்த மூலையில் மட்டும் அடுத்த அடுக்கு. சுத்தமானதும் மூடுவார்கள். நல்ல தோல் வீணாவது மிகக் குறைவு. முதல்முறை வந்த கட்டிகளில் ஐந்து வருடக் குணம் 99 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. மோஸ் கிடைக்காத இடத்தில், விளிம்பைச் சோதித்த பிறகு மூடும் வழக்கமான அறுவையும் நல்லதே.

அம்மா எதற்குப் பயப்படுகிறார் என்று கேட்டுப் பார்த்தீர்களா? "கத்தி" என்றால் பலர் மனதில் இருப்பது மயக்க மருந்தும் ஆபரேஷன் தியேட்டரும்தான். இதற்கு மயக்கம் கொடுப்பதில்லை. பேசிக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம், அன்றே வீட்டுக்குப் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் பெரும்பாலும் தடையில்லை. தோல் அறுவைக்கு அதை நிறுத்தாமலே செய்வதுதான் இப்போது வழக்கம். நிறுத்தினால் வரக்கூடிய பக்கவாதம், கொஞ்சம் கூடுதலாகக் கசியும் ரத்தத்தைவிடப் பெரிய ஆபத்து. நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

இவ்வளவு சொல்லியும் அம்மா மாட்டேன் என்றால்? அப்போது ரேடியேஷன். மூக்குக் கட்டிக்கு உண்மையான மாற்று வழி பட்டியலில் இது ஒன்றுதான். தோலின் மேற்பகுதியோடு நின்றுவிடும் கதிர்களைச் சில வாரங்கள் பல தவணையாகக் கொடுப்பார்கள். வலி இல்லை. ஆனால் பலதடவை போய்வர வேண்டும், முடிவில் அந்த இடம் வெயிலில் பொசுங்கியது போலாகி ஆறும். பலன் நன்றாகவே இருக்கிறது, அறுவைக்குச் சமமாக இல்லை. பிரான்சில் முகத்துக் கட்டிகளில் இரண்டையும் ஒப்பிட்டு 1997-இல் வெளியான ஆய்வில், நான்கு வருடத்தில் மிச்சம் நின்றதோ திரும்பி வந்ததோ அறுவையில் 0.7 சதவீதம், ரேடியேஷனில் 7.5. அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று அதே ஆய்வில் இருக்கிறது: முகத்தோற்றமும் அறுவை செய்தவர்களுக்கே நன்றாக அமைந்திருந்தது. அறுவைத் தழும்பு போகப்போக மங்கும். கதிர் பட்ட தோலோ வருடம் போகப்போக வெளுத்து, மெலிந்து, நுண் ரத்தநாளங்கள் தெரியத் தொடங்கும். இளம் வயதினருக்கு இதைத் தவிர்க்கப் பார்ப்பது இதனால்தான், பின்னாளில் அதே இடத்தில் வேறு புற்று வரலாம் என்ற கவலையாலும்தான். 71 வயதில் அந்தக் கவலை குறைவு.

ரேடியேஷனிலும் புதிய வடிவங்கள் வந்திருக்கின்றன. அல்ட்ராசவுண்டில் கட்டியின் ஆழத்தைப் பார்த்துக்கொண்டே கதிர் கொடுக்கும் முறை ஒன்று. ரீனியம்-188 என்ற கதிரியக்கப் பொருளைப் பசையாகக் கட்டியின் மேல், நடுவில் ஒரு மெல்லிய படலம் வைத்துப் பூசி, ஒரே அமர்வில் முடிக்கும் முறை இன்னொன்று. அதன் கதிர் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாது. இரண்டும் எனக்குப் பிடித்த யோசனைகள்தான். ஆனால் விளம்பரங்களில் வரும் பிரமாதமான சதவீதங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். யாரை, எத்தனை வருடம், எதோடு ஒப்பிட்டார்கள் என்று கேளுங்கள். ஐந்து வருடக் கணக்கு இல்லாமல் இந்தக் கட்டியில் எந்தச் சதவீதத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

மாத்திரை என்பது விஸ்மோடெஜிப், 2012-இல் வந்தது. பின்னால் சோனிடெஜிப். இதற்குப் பின்னால் ஒரு விசித்திரமான கதை உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மலைப்பகுதியில் சில ஆட்டுக்குட்டிகள் ஒற்றைக் கண்ணோடு பிறந்தன. தாய் ஆடுகள் மேய்ந்த ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செடியிலிருந்த சேர்மம், கருவில் உறுப்புகள் உருவாகத் தேவையான ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் பாதையை அடைத்துவிட்டிருந்தது. பேசல் செல் கட்டியில் ஓயாமல் முடுக்கிவிடப்பட்டிருப்பதும் அதே பாதைதான். அதை அடைக்கும் மாத்திரைகள்தான் இவை. வெட்டவோ கதிர் கொடுக்கவோ முடியாத அளவுக்குப் போய்விட்ட கட்டிகளில் பெரிய உதவி. ஆனால் சாப்பிடுபவர் தசைப்பிடிப்பிலும், முடி உதிர்விலும், நாக்கில் ருசி போய் உடம்பு இளைப்பதிலும் அவதிப்படுகிறார். ஆட்டுக்குட்டிக் கதையிலிருந்தே தெரியும், கருவுக்கும் கடுமையான ஆபத்து. அம்மாவின் சின்னக் கட்டிக்கு இது தேவையே இல்லை.

இம்யூனோதெரபியும் அப்படித்தான், உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் இந்தத் துறையில் நான் பார்த்த மிகப் பெரிய மாற்றம் அதுதான் என்பதால் இரண்டு வார்த்தை. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்பது தோலில் வரும் இன்னொரு சாதாரணப் புற்று. பேசல் செல்லைவிட முரட்டுத்தனமானது, ஒரு சிலருக்கு நெறிக்கட்டிகளுக்குப் பரவும். முற்றிய நிலையில் முன்பு எங்களிடம் கொடுக்க உருப்படியாக ஒன்றும் இல்லை. 2018-இல், உடலின் காவல் செல்களைப் புற்றுக்கு எதிராக முடுக்கிவிடும் செமிப்ளிமாப் என்ற ஊசி வந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவது. பெரிய அறுவைக்கு முன்னாலேயே அதைக் கொடுத்துப் பார்த்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், 79 பேரில் 40 பேருக்கு, வெட்டியெடுத்த திசுவில் உயிருள்ள புற்றுச் செல் ஒன்றுகூட இல்லை. கண்ணையோ காதையோ இழக்க வேண்டியிருந்தவர்களுக்கு இது என்ன என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் முடுக்கிவிட்ட காவல் செல்கள் சில சமயம் தைராய்டு, குடல், நுரையீரல், கல்லீரலையும் தாக்கும். நகம் அளவுக் கட்டிக்கு அந்த ஆபத்தை வாங்க வேண்டியதில்லை.

களிம்பு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வேண்டாம். வேரோடு இழுக்கும் என்று விற்கப்படும் பூச்சுகள் பெரும்பாலும் தோலை அரித்துக் கருக்கும் பொருள்கள். நல்ல தோல், கெட்ட தோல் என்று பார்க்காமல் எரித்து, கறுத்த பொருக்காக உதிரவைக்கும். அந்தப் பொருக்கைத்தான் "வேர்" என்று படம் போட்டுக் காட்டுகிறார்கள். மூக்கில் ஓட்டை விழுந்து, அடியில் கட்டி அப்படியே வளர்ந்துகொண்டிருந்த நிலையில் வந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும், முதல் சில வருடங்கள் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்கு ஒருமுறை உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலைக் காட்ட வேண்டும். ஒன்று வந்தவருக்கு வேறு இடத்தில் இன்னொன்று வருவது சகஜம், அம்மாவுக்கே இரண்டு இருக்கிறதே. முதுகின் தடிப்பைச் சிகிச்சைக்கு முன் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்து மூன்று மாதம் கழித்து அதே தூரத்திலிருந்து இன்னொன்று.

கடைசியாக, அம்மாவிடம் சொல்வதா என்ற கேள்வி. சொல்லுங்கள். ஆறு வாரம் முதுகைப் புண்ணாக்கும் ஒரு மருந்தை, "கட்டி" என்று மட்டும் தெரிந்தவர் எதற்காகச் சகித்துக்கொள்வார்? மூக்கில் கத்தி வேண்டாம் என்று அவர் சொல்வதும் பாதி விவரம் தெரியாமல் சொல்வதுதான். புற்று என்ற வார்த்தையைச் சொன்ன கையோடு, இது உடம்பெங்கும் ஓடுகிற வகை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். தயக்கமாக இருந்தால் அடுத்தமுறை டாக்டரிடம் போகும்போது அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். அங்கே அம்மாவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: என் மூக்கை எப்படி மூடுவீர்கள், விளிம்பை மூடுவதற்கு முன் பார்ப்பீர்களா, பின்னாலா?